ஏட்டில் ஏறாத வேலை நேரமும் அதற்குரிய கூலியும்

திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்களிடம் ஒரு பாஸ்புத்தகம் இருக்கும். எவ்வளவு இலையும் தூளும் வாங்கினார்கள், எத்தனை பீடி கொண்டுபோய்ப் போட்டார்கள், எவ்வளவு கழிவில் போயிற்று என்பதெல்லாம் அதில் ஏறும். கணக்கில் தகராறு வருவது உண்டு. கழித்தது அநியாயம் என்று வாக்குவாதம் நடப்பதும் உண்டு. ஆனால் வாக்குவாதம் செய்வதற்காவது அந்தப் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது. அதே வீட்டிலிருந்து காலையில் கிளம்பி வண்ணாரப்பேட்டையிலோ டவுனிலோ உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் மகளிடம் அப்படி எந்தப் புத்தகமும் இல்லை. அவள் எத்தனை மணிக்கு உள்ளே போனாள், எத்தனை மணிக்குக் கடை அடைத்து வெளியே வந்தாள் என்பதற்கு, அவள் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: வேலை நேரம் எங்கும் எழுதப்படவில்லை என்றால், அந்த நேரத்துக்கான கூலியைக் கேட்கும் உரிமை என்ன ஆகிறது? "எழுத்து இல்லை, அதனால் உரிமையும் இல்லை" என்ற எண்ணம் தொழிலாளர்களிடமே ஊறிப்போயிருக்கிறது. அது தவறான எண்ணம். நேரத்தை எழுதி வைக்கும் கடமையைச் சட்டம் முதலாளியின் மேல்தான் வைத்திருக்கிறது. அந்தக் கடமையைச் செய்யாதவர், செய்யாததையே தனக்குச் சாதகமான வாதமாகக் கொண்டுவர முடியாது என்பதுதான் நீதியும், பெருமளவுக்கு இன்றைய சட்டமும் ஆகும். பெருமளவுக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு; அதைப் பின்னால் பார்க்கலாம்.

நேரம் பதிவாகாமல் போகும் வழிகள் பல. சில கடைகளில் வருகைப் பதிவேடே கிடையாது. சில இடங்களில் பதிவேடு இருக்கும். ஆனால் அதில் "வந்தார்" என்று ஒரு கோடு மட்டும் விழுமே தவிர, வந்த மணியும் போன மணியும் இராது. கைரேகை இயந்திரம் வைத்திருக்கும் இடங்களில், எட்டு மணி நேரம் முடிந்ததும் விரலை வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே வந்து துணி மடிக்கச் சொல்வதும் நடக்கிறது. இந்தக் கடைசி வகைதான் மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் இங்கே பதிவு இல்லை என்பதல்ல, பொய்யான பதிவு இருக்கிறது. கடைகள் மட்டுமல்ல, அரிசி ஆலை, ஓட்டல், சிறு மருத்துவமனை, பெட்ரோல் பங்க், ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றாலைகளில் இரவுக் காவல் என்று எங்கும் இதே நிலைமையைக் காணலாம்.

என் சித்தி மகள் ஏழு ஆண்டுகள் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் நின்றாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் அம்மா, தானும் பீடி சுற்றுகிறவர், ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுத்து, "ஏளா, ஒங் கணக்க நீதாம்ளா எழுதணும், அவங்க எழுதுவாங்கன்னு இருக்காத" என்றார். அவள் எழுதினாள். தேதி, கடைக்குள் நுழைந்த நேரம், சாப்பிடப் போன நேரம், வெளியே வந்த நேரம், கடைசியில் எந்த பஸ் என்று ஒரு வரி. ஆடித் தள்ளுபடிக் காலத்திலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் அந்தக் கடைசி வரி "பஸ் இல்லை, மாமா வந்து கூட்டிப் போனார்" என்று மாறும். தொழிலாளர் வழக்கு ஒன்றில் இத்தகைய நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பாஸ்புத்தகத்தோடு வாழ்ந்தவருக்கு எண்ணின் அருமை தெரிந்திருந்தது.

முதலில், எது வேலை நேரம், எது மிகைநேரம் என்பது தெளிவாக வேண்டும். கடைகளுக்குப் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே சாதாரண வேலை நேரம். மிகைநேரத்தையும் சேர்த்து நாளைக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. கூடுதலாகச் செய்த நேரத்துக்குச் சாதாரண ஊதிய விகிதத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும். தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தபின் ஒரு மணி நேர ஓய்வும் தரப்பட வேண்டும். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம், மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்ற விதி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் நிலைபெற்றது. கொரோனா காலத்தில் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு இந்த இரு மடங்கிலிருந்து விலக்கு அளித்தபோது, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. மிகைநேர ஊதியம் முதலாளியின் தயவு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு தேவையில்லை.

நேரமும் ஓய்வும் சும்மா கிடைத்தவை அல்ல என்பதை நம் மண்ணுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூத்துக்குடி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு வாராந்தர விடுமுறையும் இருந்தது.

சட்டத்தில் உள்ள ஒரு சொற்றொடரை இங்கே கவனிக்க வேண்டும். கடைகள் சட்டம், வரம்புக்கு மேல் வேலை செய்யும்படி "கட்டாயப்படுத்தவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது" என்ற பொருளில் பேசுகிறது. "நான் இருக்கச் சொல்லவில்லை, அவர்களாகத்தான் நின்றார்கள்" என்று அண்ணாச்சி சொல்லும் பதில் இதனால் அடிபட்டுப் போகிறது. வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விற்பனை நடந்தால், கலைந்த துணியை மடித்து அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றால், அது அனுமதிக்கப்பட்ட வேலைதான். காலையில் கடை திறக்குமுன் பெருக்கித் துடைப்பதும், இரவில் ஸ்டாக் எடுப்பதும், பில் கணக்கு ஒத்துப்போகும்வரை காத்திருப்பதும் வேலை நேரமே. வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவது சட்ட மீறல் என்பதால் அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்க முடியாதோ என்று சிலர் தயங்குகிறார்கள். மீறியவர் முதலாளி, உழைத்தவர் தொழிலாளி. மீறல் கூலியைக் கரைத்துவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் அளவு புரியும். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 57 ரூபாய் 69 காசு. காலை ஒன்பதரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகும் ஒருவருக்கு ஒரு மணி நேர உணவு இடைவேளை போக 10 மணி நேர வேலை, அதாவது தினமும் 2 மணி நேரம் மிகைநேரம். மாதத்துக்கு 52 மணி நேரத்தை இரு மடங்கு விகிதத்தில் பெருக்கினால் 6,000 ரூபாய் வருகிறது. வாங்கும் சம்பளத்தில் சரிபாதி! ஓர் ஆண்டுக்கு 72,000. இரண்டு மணி நேரம்தானே என்று விட்டுவிடும் தொகை இவ்வளவு என்பது பலருக்கும் தெரியாது. கணக்குப் போட அடிப்படையான மணி நேரம் எங்கும் எழுதப்படாததே அதற்குக் காரணம். இதில் இன்னொரு சோதனையும் அடங்கியிருக்கிறது. கொடுக்கப்படும் 12,000 ரூபாய், 8 மணி நேர வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாக இருந்தால், பாக்கி இரண்டு வகையில் சேர்கிறது. அப்போது மிகைநேரத்தையும் அந்தக் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்தே கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் நாளில் மாறுவதால், பழைய தொகையை வைத்து ஏமாறாமல் அந்தந்த ஆண்டின் தொகையைப் பார்க்க வேண்டும்.

இனி பதிவேட்டுக்கு வருவோம். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தையும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தையும் தன்னுள் இழுத்துக்கொண்டு, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 50ஆம் பிரிவு, பணியாளர் விவரம், வருகைப் பட்டியல், ஊதியம் ஆகியவை அடங்கிய பதிவேட்டை ஒவ்வொரு முதலாளியும் வைத்திருக்க வேண்டும் என்றும், ஊதியச் சீட்டு தர வேண்டும் என்றும் சொல்கிறது. விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களும் கேட்டால் ஊதியம் கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்ட வேண்டும். ஆக, பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் "நாங்கள் அதெல்லாம் எழுதுவதில்லை" என்பது விளக்கம் அல்ல, குற்ற ஒப்புதல்.

ஆனால் தண்டனையைப் பாருங்கள். பதிவேடு வைக்காததற்கோ ஒழுங்காக வைக்காததற்கோ சட்டத் தொகுப்பு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். மேலே போட்ட கணக்கில் ஒரே ஒரு பணியாளரின் இரண்டு மாத மிகைநேர ஊதியம் 12,000. எழுதாமல் இருப்பது எழுதுவதைவிட மலிவு என்றால், எழுதுபவர் யார்? குறைவாக ஊதியம் கொடுத்ததற்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்றாலும், குறைவு என்று நிறுவுவதற்கே நேரக் கணக்கு வேண்டும். ஆகவே அபராதத்தால் இந்தப் பிரச்சினை தீராது என்பது என் உறுதியான கருத்து. தீர்வு சாட்சிய விதியில் இருக்கிறது: எழுதாததால் வரும் இருட்டு யார் தலையில் விழ வேண்டும் என்பதில் இருக்கிறது.

சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவு இதில் ஒரு படி முன்னே வந்திருக்கிறது. ஊதியம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள், அனுமதியில்லாமல் பிடித்தம் செய்தார்கள் என்று கோரிக்கை எழுந்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது என்று அது நேரடியாகவே சொல்கிறது. இருந்தாலும் நுணுக்கமாக வாசித்தால் ஓர் இடைவெளி தென்படும். கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமைதான் அவருடையது. கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு, அதாவது எத்தனை மணி நேரம் மிகைநேர வேலை நடந்தது என்பதை முதலில் தொழிலாளிதான் ஓரளவுக்காவது நிலைநாட்ட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். தொடக்கத்தில் "பெருமளவுக்கு" என்று நான் நிறுத்திச் சொன்னது இதனால்தான்.

அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதற்கு நம் உச்ச நீதிமன்றம் வேறொரு வகை வழக்குகளில் வழிகாட்டியிருக்கிறது. அவை மிகைநேரத்தைப் பற்றியவை அல்ல. ஓர் ஆண்டில் 240 நாள் தொடர்ந்து வேலை செய்தாரா என்பதைப் பற்றியவை. ஆனால் பதிவேடு முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்போது தொழிலாளி எதைக் கொண்டு நிரூபிப்பது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே. 2002இல் ஹதிமணி வழக்கில், நிரூபிக்கும் சுமை தொழிலாளியுடையது என்றும் அவருடைய பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றும் நீதிமன்றம் கூறியது. 2005இல் எல்லட்டி வழக்கில் அந்தச் சுமையை மாற்றாமலேயே, தினக்கூலிக்காரரிடம் நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் இருக்காது என்ற நடைமுறை உண்மையை ஏற்றுக்கொண்டு, தொழிலாளி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லி, வருகைப் பட்டியலைக் கொண்டுவரும்படி கோருவதே அவரால் செய்ய முடிந்தது என்று கண்டது. 2009இல் குஜராத் மீன்வளத் துறை சார்ந்த சாவ்டா வழக்கில், தொழிலாளி நேரில் வந்து சாட்சியம் அளித்தபின், முழு ஆவணங்களும் தன் கையில் இருந்தும் தாக்கல் செய்யாத முதலாளிக்கே சுமை திரும்புகிறது என்று தீர்ப்பானது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் தொழிலாளி செய்ய வேண்டியது தெளிவாகிறது: வெறும் மனுவோடு நிற்காமல் கூண்டில் ஏறி விவரமாகச் சொல்ல வேண்டும், பதிவேட்டைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று எழுத்து மூலம் கோர வேண்டும், தன்னிடம் இருக்கும் சிறு துணை ஆதாரங்களை முன்வைக்க வேண்டும். அதன்பின் பதிவேடு வராவிட்டால், கொண்டுவந்திருந்தால் அது முதலாளிக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் இருந்த இந்த ஊகம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 119ஆம் பிரிவில் தொடர்கிறது. ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த செய்தியை நிரூபிக்கும் சுமை அவருடையதே என்னும் விதியும் அதே சட்டத்தின் 109ஆம் பிரிவில் இருக்கிறது.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்தக் கேள்வியின் நியாயத்தை மிகத் தெளிவாகச் சொன்னது 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலையில், உள்ளே நுழைந்து வேலையிடத்துக்கு நடந்துபோவதற்கும் வேலைக்கு ஆயத்தமாவதற்கும் ஆன நேரம் கணக்கில் வரவில்லை என்று தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முதலாளியின் பதிவுகள் சரியாக இல்லாதபோது, ஊதியமில்லாத வேலை நடந்தது என்பதையும் அதன் அளவை நியாயமாக ஊகிக்கப் போதுமான சாட்சியத்தையும் தொழிலாளி காட்டினால் போதும். அதன்பின் துல்லியமான எண்ணைக் கொண்டுவருவதோ அந்த ஊகம் தவறு என்று காட்டுவதோ முதலாளியின் பொறுப்பு என்று நீதிமன்றம் வகுத்தது. நடந்துபோகும் நேரத்துக்கான கூலியை மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் சுருக்கிவிட்டது. ஆனால் சாட்சியத்தைப் பற்றிய இந்த விதி நிலைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14 அன்று, ஸ்பெயின் தொழிற்சங்கம் ஒன்று ஒரு வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அன்றாட வேலை நேரத்தை அளக்கும் நம்பகமான முறை ஒன்றை முதலாளிகள் ஏற்படுத்தியே ஆக வேண்டும் என்றது. நேரத்தை அளக்காவிட்டால் மற்ற உரிமைகளைக் காப்பாற்றவே முடியாது என்பதே அதன் காரணம்.

நியாயமான ஊகத்துக்கு இங்கே எவை உதவும்? என் சித்தி மகளின் நோட்டைப் போல அன்றன்றே எழுதிய குறிப்புக்கு முதல் மதிப்பு. வழக்குக்காக ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது மை, எழுத்து, வரிகளின் ஒரேமாதிரித்தன்மை ஆகியவற்றாலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஜவுளிக்கடைப் பில்லில் விற்பனையாளரின் எண்ணும் நேரமும் அச்சாகும்; இரவு ஒன்பதே முக்காலுக்குப் போட்ட பில்லில் ஒருவரின் எண் இருந்தால், அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்திருக்க முடியாது. நேரம் அச்சான பஸ் டிக்கெட், கட்டணமில்லாப் பயணச்சீட்டாக இருந்தாலும், சேர்த்து வைக்கத் தக்கது. "நாளைக்கு எட்டரைக்கே வந்துருங்க" என்று மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸாப் செய்தி, கடை வாசல் டீக்கடையில் ஜிபே செய்த நேரம், விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு விடுதியின் வருகை நோட்டு, உடன் வேலை பார்த்து விலகியவரின் சாட்சியம் ஆகியவை ஒவ்வொன்றும் தனியே மெலிந்தவை. ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போது வலுவானவை. கேமராப் பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும் என்பதால், தகராறு எழுந்த உடனே அதைப் பாதுகாக்கும்படி பதிவுத் தபாலில் கோரிவிட வேண்டும். கைப்பேசிச் செய்திகளை நீதிமன்றத்தில் வைக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்க்க வேண்டும்; ஆகவே பழைய கைப்பேசியை மாற்றுக்குப் போட்டுவிடக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊகம் என்பது கூட்டிச் சொல்வது அல்ல. விடுப்பு எடுத்த நாள், உடல்நலம் இல்லாமல் சீக்கிரம் போன நாள், விற்பனை மந்தமாகி எட்டு மணிக்கே அடைத்த நாள் எல்லாம் கழிக்கப்பட்ட கணக்கே நம்பப்படும். ஏழு ஆண்டும் தினமும் நான்கு மணி நேரம் என்று ஒரே வீச்சில் எழுதிய மனு, உண்மையான இரண்டு மணி நேரத்தையும் சேர்த்து இழக்க வைக்கும். சாதாரண மாதத்துக்கு ஒரு சராசரி, ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனிச் சராசரி என்று பிரித்துக் காட்டுவது வேலையின் இயல்போடு பொருந்தும்.

முதலாளிகள் தரப்பில் வரும் வலுவான பதில், உண்மையில், சட்டத்தைச் சார்ந்தது அல்ல, உறவைச் சார்ந்தது. "நம்ம கடையில மணிக்கணக்கா பாக்கோம்? வீட்டுப் பிள்ள மாதிரிலா வச்சிருக்கோம்" என்பார்கள். கல்யாணத்துக்குப் பணம் கொடுத்திருப்பார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியிருப்பார்கள். அந்த உதவி பொய்யல்ல. அதைப் பெற்றவர்களுக்கு நன்றியும் உண்டு. ஆனால் உதவி கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, கூலி வேலையைப் பொறுத்தது. ஒன்றை இன்னொன்றில் கழித்துக்கொள்ள முடியாது. அதேபோல், விலகும்போது "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி ஏதும் பாக்கியில்லை" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று இரு தரப்பும் நினைப்பதுண்டு. சட்டத் தொகுப்பின் 60ஆம் பிரிவின்படி, சட்டப்படி சேர வேண்டிய தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதும் அதே தொகுப்பின் விதி. ஒப்பந்தக்காரர் மூலம் காவல் வேலைக்கு வந்தவருக்கு ஒப்பந்தக்காரர் தரத் தவறினால், வேலை நடந்த நிறுவனமே தரவேண்டிய பொறுப்பும் உண்டு. பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு எட்டு மணி நேரக் கூலி வாங்கும் காவலர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கூலிப் பாக்கிக்கான கோரிக்கையை, அதை விசாரிக்கும் அதிகாரியிடம் தொழிலாளியே கொடுக்கலாம், அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கமும் கொடுக்கலாம், ஆய்வாளரும் கொடுக்கலாம். பலர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்க இடம் இருக்கிறது. தனியாகக் கேட்டு வேலையை இழக்கும் அச்சம் உள்ள இடத்தில் இது முக்கியமானது. ஒரே தளத்தில் நின்ற எட்டுப் பேரின் கணக்கு ஒத்துப்போவதே ஒரு சாட்சியமும் ஆகும். அதிகாரி பாக்கித் தொகையோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். கொடுக்காவிட்டால் நில வரிப் பாக்கியைப் போல வசூலிக்க வழி உண்டு. திருநெல்வேலியில் தொழிலாளர் துறையின் அலுவலகங்களும் தொழிலாளர் நீதிமன்றமும் இருப்பதால், இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

காலவரம்புதான் கடைசியாகக் கவனிக்க வேண்டியது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஆறு மாதமும் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பன்னிரண்டு மாதமும் கொடுத்திருந்த இடத்தில், புதிய தொகுப்பு மூன்று ஆண்டு கொடுக்கிறது. 2025 நவம்பருக்கு முன்பு சேர்ந்த பாக்கிக்குப் பழைய வரம்புதான் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருப்பதால், அந்தக் காலத்துக் கணக்கு வைத்திருப்பவர்கள் காத்திருக்காமல் சங்கத்தையோ வழக்கறிஞரையோ உடனே பார்ப்பது நல்லது. வேலையில் இருக்கும்வரை கேட்க முடியாது, விலகியபின் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: மூன்று ஆண்டு என்பது மனு கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் நோட்டின் முன்பக்கத்திலிருந்து ஒரு மாதக் கூலி கேட்க முடியாததாகிவிடும்.